மாதா காலடியிலிருந்து வந்த எக்ஸ்ரே படம்

பெருமதிப்பிற்குரிய மருத்துவர் எழில்மொழி அம்மையார் அவர்களே! முகம் அறியாத மனிதர்களின் நோய் அறிந்து, முடிவை எழுதுமுன் மும்முறை யோசித்தவரே! வாசலில் கன்டெய்னர் லாரி போய் நுண்ணோக்கி அதிரும்போதெல்லாம், அதிர்வு அடங்கும்வரை கைகட்டிக் காத்திருந்தவரே! நீங்கள் பணிநிறைவு பெறும் இந்நாளில், நோயலின் காலைப் பற்றி மட்டும் சொல்ல எங்களை அனுமதியுங்கள்.

ராயபுரத்து நோயல் துறைமுகத் தொழிலாளி. முழங்காலுக்குக் கீழே எலும்பில் கட்டி. வெளியில் ஓர் ஆய்வகம் அதைப் புற்றுநோய் என்றது. காலை எடுக்க நாளும் குறித்துவிட்டார்கள். அங்கே பார்த்த திசுவின் கண்ணாடி ஸ்லைடைக் கையில் பிடித்தபடி அவர் மனைவி ஆன்சி நம் ஆய்வுக்கூடத்துக்கு வந்தார்.

ஸ்லைடில் செல்கள் முரட்டுத் தோற்றத்தில்தான் இருந்தன. ஆனால் எலும்புக் கட்டி என்றால், எக்ஸ்ரே பாராமல் நீங்கள் கையெழுத்திட்டதில்லை. படத்தைக் கேட்டீர்கள். ஆன்சி தலைகுனிந்தார். படம் வேண்டுதலுக்காகக் கோயிலில், மாதா காலடியில் இருந்தது. ஒன்பது நாள் ஜெபமான நவநாள் முடியும்வரை அதை எடுக்கக்கூடாது. அறுவைக்குக் குறித்த நாளோ அதற்கு முன்பே வந்தது.

“நடுவுல எட்த்தா மாதா கோச்சுக்கும், டாக்டரம்மா.”

“மாதா பாத்தாச்சு இல்ல? நான் இன்னும் பாக்கல. சொல்லிட்டு எடுத்துட்டு வாம்மா” என்றீர்கள்.

மெழுகு ஒட்டிய படத்தை அன்று மாலையே மடியில் வைத்து பஸ்ஸில் கொண்டுவந்தார் ஆன்சி. விளக்குப் பெட்டியில் மாட்டினீர்கள். கட்டியைச் சுற்றிலும் தெளிவான வெள்ளை விளிம்பு. மெல்ல வளர்ந்த கட்டியைச் சுற்றி எலும்பே வேலி போட்டிருக்கிறது, புற்று அதற்கு அவகாசம் தராது என்று அவருக்கு விரலால் காட்டினீர்கள். மீண்டும் ஸ்லைடுக்குப் போனீர்கள். குருத்தெலும்புச் சாயல் கொண்ட, மிக அரிதான, தீங்கற்ற கட்டி. சுரண்டி எடுத்து எலும்புத் துண்டால் நிரப்பினால் போதும். திரும்ப வரக்கூடும், வருடந்தோறும் படம் எடுக்க வேண்டும் என்பதையும் மறைக்கவில்லை.

ஆன்சிக்கு அதெல்லாம் காதில் ஏறவில்லை. “அப்போ காலு கீதா?” என்றார்.

“கீது” என்றீர்கள். எங்கள் வடசென்னைப் பேச்சை உங்கள் வாயில் அன்றுதான் முதன்முதலாகக் கேட்டோம்.

அம்மையீர்! படம் எங்கே என்று கேட்காமல் இக்கூடத்தில் இனியும் எவரும் கையெழுத்திட மாட்டோம். கூர்ந்து பார்த்த அந்தக் கண்கள் இனி கடலையும் பேரப்பிள்ளைகளையும் அவசரமின்றிப் பார்த்திருக்க, நலம் குன்றாமல் நெடுநாள் வாழ்க!

இம்மடலைப் பொருத்திய மரச்சட்டம் கனமானது. அதை மேடைக்குத் தூக்கி வர ஒருவர் தாமே கேட்டு வாங்கிக்கொண்டார். அதோ, படியேறி வருகிறார் நோயல்.

நன்றியுடன்,
திசு ஆய்வுக்கூடப் பணியாளர்கள்