மொழிபெயர்ப்பு அல்ல

எழுத்துப் பிழையை மட்டும் என்னால் பொறுக்க முடியாது. டோர்வலில் விமானச் சாப்பாடு பொதிசெய்யும் வேலை முடிந்து வரும்போதும் என் கையில் அச்சுப்படி இருக்கும். மொன்றியலில் எங்கள் சிற்றிதழ் பிழையில்லாமல் வந்ததென்றால் அது என்னால்தான்.

கிறிஸ்தோப்பர் மட்டக்களப்புக்காரன். பெல்ஜியத்தில் பல வருடம் இருந்து, பிளெமிஷ் மொழி படித்துவிட்டு இங்கே வந்தவன். உலகப்போருக்குப் பின் எழுதிய பிளெமிஷ் கவிஞர்களை எங்கள் இதழுக்கு மொழிபெயர்த்தான். மொழிக்காகவும் இனத்துக்காகவும் பாடியவர்கள். அதனால் சிறைக்குப் போனவர்களும் உண்டு. வாசிக்கும்போது எங்களையே பாடுவதாக எனக்கு மயிர்க்கூச்செறியும்.

2005 மாரியில் ஒரு கவிதை தந்தான். போருக்குக் கொண்டுபோன மகனைத் திருப்பிக் கேட்டு ஒரு தாய் முகாம் வாசலில் நிற்கிறாள். இனத்தைப் பாடும் கவிஞனைப் பார்த்து, "உன் மகன் எங்கே?" என்கிறாள். என் மகன் அப்போது இங்கே புவாண்ட்-கிளேரில் ஹொக்கி பழகிக்கொண்டிருந்தான். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பிளெமிஷ் கவிதைதானே என்று போட்டேன். இதழ் வந்தபிறகுதான் கவனித்தேன். அந்தத் தாய் காவல்காரனுக்குக் கொடுக்க ஒரு சட்டி எருமைத் தயிர் கொண்டுபோகிறாள். அது மட்டக்களப்புத் தயிர். பெல்ஜியத்தில் எவள் சட்டித் தயிர் சுமக்கிறாள்?

ஜான்-டலோன் சந்தையில் வைத்துக் கேட்டேன். அவன் மறைக்கவில்லை.

"ஓம் அண்ணன், என்ட கவிதைதான். தம்பி இன்னும் ஊருல நிக்கான். இயக்கம் அறிஞ்சா அவனை விடாது. என்ட பேர் வெளியில வரப்படாது."

"பயப்பிடாதை. என்னோடை இருக்கும்."

என்னை ஏமாற்றியதுதான் வலித்தது. எங்கள் போராட்டத்தைப் பழிக்கும் கவிதைக்கு என்னையே பிழைதிருத்த வைத்துவிட்டான். ஆனால் நான் கோபத்தில் எதையும் செய்பவன் இல்லை. அடுத்த இதழில், சின்ன எழுத்தில் ஒரு திருத்தம் போட்டேன்: சென்ற இதழ்க் கவிதை மொழிபெயர்ப்பு அல்ல, சொந்தக் கவிதை. கீழே அவன் பெயர், முன்னால் ஊர்ப்பெயர். கவிஞனுக்கு ஊர்ப்பெயர் சேர்ப்பது எங்கள் வழக்கம், ஒரு மரியாதை. மட்டக்களப்புக்குப் போகும் பிரதிகளுக்கு நானே தபால் முத்திரை ஒட்டினேன்.

இதழ் அங்கே போய்ச் சேர்ந்த பிறகு, கதைக்கவேண்டும் என்று அவன் தம்பியை வாசலுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். கட்டியிருந்த சாரத்தோடு போனவனை வீட்டு ஒழுங்கை முடிவில் சுட்டுவிட்டார்கள்.

கிறிஸ்தோப்பர் என்னிடம் வரவில்லை. அவன் மனைவி சிசிலிதான் வந்து, "ஏன் அண்ணன்?" என்று கேட்டாள்.

"பிழை கிடந்தால் திருத்தத்தானே வேணும், தங்கச்சி" என்றேன்.

அந்தப் பையனுக்கு அஞ்சலிக் கவிதையையும் நானே எழுதினேன். மனமுருகித்தான் எழுதினேன். அதற்கு என் பெயரைப் போடவில்லை. ஊரில் எனக்கும் ஒரு தங்கை இருக்கிறாள்.