தொப்புளைச் சுற்றி நான்கு தழும்புகள்

“அந்தப் புள்ள எங்க இருக்குது, சொல்லுங்க மேடம்.”

இதைக் கேட்கக் கூடாது என்று எனக்குத் தெரியும். வேலைக்குச் சேர்ந்த அன்று நீங்களே சொல்லிக் கொடுத்தீர்கள். தரவு பார்க்கிறவர்கள் குழந்தையின் பெயரைக் கேட்கக் கூடாது, ஊரைக் கேட்கக் கூடாது, மீட்ட குழந்தையை எந்த இல்லத்தில் வைத்திருக்கிறோம் என்று எந்தக் காலத்திலும் கேட்கக் கூடாது. நல்ல விதிதான். நான் குறை சொல்லவில்லை.

தண்ணீர் குடியுங்கள், மஞ்சுளா மேடம். இடது கையால் குடியுங்கள். இன்று விடுமுறை, அலுவலகத்துக்கு யாரும் வரப்போவதில்லை. கீழே மண்டியில் மூட்டை இறக்குகிறார்கள். அந்தச் சத்தத்தில் நாம் பேசுவது செங்கம் கடைத்தெருவில் யாருக்கும் கேட்காது. அதனால் நிதானமாகச் சொல்கிறேன்.

என் பெயர் சின்னக்குழந்தை. நன்கொடை கொடுக்கிறவர்களுக்கு வாயில் நுழையாது என்று நீங்கள்தான் என்னை சி.கே. ஆக்கினீர்கள். புதூர்நாட்டுப் பக்கம் எங்கள் ஊரில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். ஒவ்வொரு கூட்டத்திலும் அதைச் சொல்லி என்னை எழுந்து நிற்க வைப்பீர்கள். சந்தையில் மாட்டைக் காட்டுவதுபோல. நானும் எழுந்து நிற்பேன்.

மலையில் எந்த வீட்டுக் குழந்தைக்கு ஆபத்து என்று கணினியைச் சொல்ல வைப்பது என் வேலை. களப்பணியாளர்கள் வீடு வீடாகப் போய் ஃபோனில் பதிவார்கள். அப்பா குடிக்கிறாரா, குழந்தை பள்ளிக்கு வருகிறதா, எடை குறைகிறதா, உடம்பில் சூட்டுக் காயம் உண்டா. அதை வைத்து நான் ஒவ்வொரு வீட்டுக்கும் மதிப்பெண் போடுவேன். எதற்கு எவ்வளவு கனம் என்று முடிவு செய்ததும் நான்தான். சூட்டுக் காயத்துக்கு மற்ற எல்லாவற்றையும்விட அதிகம் கொடுத்தேன். ஏன் என்று கேட்டீர்கள். நான் சட்டையைத் தூக்கி வயிற்றைக் காட்டினேன். தொப்புளைச் சுற்றி நான்கு தழும்புகள். அப்பா குடித்துவிட்டு பீடியால் சுட்டது என்றேன். உங்கள் கண் கலங்கிவிட்டது. அதன் பிறகு என் கணக்கில் நீங்கள் எதையும் கேட்டதில்லை.

ஒரு வீடு மட்டும் மாதா மாதம் பட்டியலின் உச்சியில் நின்றது. நீங்கள் ‘கண்காணிப்பில்’ என்று எழுதி வைத்தீர்கள். எனக்கு அது போதவில்லை. அந்தப் பகுதியைப் பார்க்கும் கெங்கம்மாள் அக்காவைப் பிடித்தேன்.

“பேரைச் சொல்லுக்கா.”

“மேடம் திட்டுவாங்க பாப்பா.”

“நீ சொல்லலன்னா நானே ஜீப் ஏறி ஊர் ஊரா கேப்பேன். அப்ப உம்பேரும் வெளிய வரும்.”

அக்கா வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். “மணிவேல் வூடு. பொண்ணு பேரு நதியா. அவன் அப்படியாப்பட்ட ஆளு இல்ல பாப்பா.”

“கம்ப்யூட்டர் சொல்லுதே.”

“உங்க கம்ப்யூட்டரு அந்த வூட்ல குந்திக் களி தின்னுச்சா?”

நான் சிரிக்கவில்லை. மறுநாளே ஜீப் ஏறினேன். யாரையும் எதுவும் செய்யும் எண்ணம் அப்போது எனக்கு இல்லை. இதை நீங்கள் நம்ப வேண்டும். நானும் பல நாள் அப்படித்தான் நம்பினேன்.

ஊர் ஆட்கள் எல்லாம் புளி உலுக்கப் போயிருந்தார்கள். மணிவேல் மட்டும் வாசலில் புளி தட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் அந்தப் பெண் உட்கார்ந்து கொட்டைகளைப் பொறுக்கினாள். இரண்டாம் வகுப்புப் பிள்ளை, இன்னும் சின்னதாகத் தெரிந்தாள். அலுவலகத்திலிருந்து வருகிறேன் என்று நான் சொன்னதும் அவர் சாக்கைத் தட்டி உட்காரச் சொன்னார்.

“ஆபீஸ்ன்ற, பேச்சு நம்ம பேச்சா கீதே. யாரு வூட்டுப் பொண்ணு நீ?”

சொன்னேன்.

“அட, கோபால்சாமி பொண்ணா. உனக்கு ஒடம்பு முடியலன்னு உங்கப்பன் உன்னத் தோள்ல போட்டுக்கினு மலை எறங்குனத நான் பார்த்திருக்கேன். அப்ப ஜீப்பு ஏது. குந்து, தண்ணி குடிச்சிட்டுதான் போவணும்.”

நான் பெண்ணிடம் திரும்பினேன்.

“நதியா, வவுத்துல இன்னா காயம்? யாரு சுட்டது?”

“எங்கப்பா.”

எனக்கு வேண்டிய பதில் கிடைத்துவிட்டது. ஆனால் அவள் நிறுத்தவில்லை. “வவுறு உப்பினுச்சு. மஞ்சாவ சுட்டு வச்சாரு. நான் அழவே இல்ல. அதுக்குப் பலாச்சுளை குடுத்தாரு.”

மணிவேல் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை. “இதக் கேக்கவா அவ்ளோ தூரம் வந்த? உனக்கும் வச்சிருப்பாங்களே பாப்பா. படிச்சிட்டா தழும்பு அழிஞ்சி பூடுமா இன்னா?”

அந்தப் பெண்ணும் சிரித்தாள்.

வேலூரில் கல்லூரி விடுதியில் உடை மாற்றும்போது ரம்யா என்கிற பெண் என் வயிற்றைப் பார்த்துவிட்டு, யார் சுட்டது என்று கேட்டாள். எங்கள் மலையில் பிள்ளைக்கு வயிறு உப்பினால் மஞ்சள் கொம்பைச் சுட்டு வைப்பார்கள் என்று சொல்லியிருந்தால் அறையே கூடி நின்று பார்த்திருக்கும். காட்டுக்காரி என்று பெயர் வைத்திருப்பார்கள். குடிகார அப்பா என்றேன். ரம்யா என்னைக் கட்டிக்கொண்டாள். அதன்பிறகு உதவித்தொகை நேர்காணலில் சொன்னேன். உங்களிடம் சொன்னேன். என் அப்பா என்னை ஒரு நாளும் அடித்தது கிடையாது மேடம். குடிப்பதும் கிடையாது.

ஆக, அந்தத் தழும்பு என்னவென்று எனக்குத் தெரியும். கனம் போட்டபோதும் தெரியும், ஜீப் ஏறியபோதும் தெரியும். இப்போது என் அப்பாவையும் என் தழும்பையும் தெரிந்த ஆள் எதிரில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார்.

கொடுவாள் வாசல் தூணில் செருகியிருந்தது. கிளை கழிக்கிற கொடுவாள், நல்ல பதம். முதல் வெட்டு கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் இறங்கியது. அவர் எழுந்திருக்கவில்லை, என்ன நடந்தது என்று கேட்பதுபோல என்னைப் பார்த்தார். இரண்டாவதுக்குக் கையைக் குறுக்கே கொடுத்தார். விரல்கள் புளியில் விழுந்தன. அதற்குப்பின் எதுவும் குறுக்கே வரவில்லை. மலைக்காரப் பெண்ணுக்கு விறகு வெட்டச் சொல்லித்தர வேண்டியதில்லை. நான் நிறுத்தியபோது அவர் முகம் அவர் முகமாக இல்லை. கொடுவாள் கழுத்தெலும்பில் மாட்டிக்கொண்டதால்தான் நிறுத்தினேன். துப்பட்டாவால் பிடியைத் துடைத்தேன்.

நதியா கையில் கொட்டைகளோடு அப்படியே உட்கார்ந்திருந்தாள். “அழாத” என்றேன். அவள் அழவில்லை. நான் ஓடையில் கழுவிக்கொண்டு, காட்டு வழியாக இறங்கி வந்துவிட்டேன்.

அவர் மனைவி ராஜேஸ்வரி விறகோடு திரும்பி வந்து, அவரை மடியில் போட்டுக்கொண்டு கொடுவாளைப் பிடுங்கியிருக்கிறாள். ஊர் பார்த்தது அந்தக் கோலத்தை. போலீஸ் உங்களிடம் வந்தது. பிள்ளையைச் சுடுகிற வீடு என்று எங்களுக்கு முன்பே தெரியும், பொறுக்க முடியாமல் மனைவியே வெட்டியிருப்பாள் என்று நீங்கள் விளக்கினீர்கள். அந்த வீட்டு மதிப்பெண்ணை வண்ணத்தில் அச்சடித்துக் கொடுத்தது நான். நீங்கள் என் தோளில் தட்டினீர்கள். “பாத்தியா சி.கே., நம்ம டேட்டா பேசுது.” ராஜேஸ்வரி சிறையில் இருக்கிறாள். அங்கே வேளைக்குச் சோறு உண்டு. நதியாவை நீங்கள் ஓர் இல்லத்தில் சேர்த்தீர்கள்.

எல்லாம் அதோடு நின்றிருக்கும். நேற்று நீங்கள்தான் சந்தோஷமாக வந்து சொன்னீர்கள். இத்தனை நாள் வாயே திறக்காத பிள்ளை பேச ஆரம்பித்துவிட்டதாம். “வெட்டுனது எங்கம்மா இல்ல” என்கிறதாம். திங்கட்கிழமை நீதிபதி முன்னால் கூட்டிப்போகிறார்களாம். “நீயும் வா சி.கே. உன் பேச்சு அவளுக்குப் புரியும், தைரியமா இருப்பா.”

அதனால்தான் இன்று கேட்டேன். நீங்கள் விதியைச் சொன்னீர்கள். அப்புறம் என் முகத்தைப் பார்த்தீர்கள். ஃபோனை எடுக்க மேசை இழுப்பறைக்குள் கையை விட்டீர்கள். நான் இழுப்பறையை மூடினேன். உங்கள் கை உள்ளே இருந்தது எனக்குத் தெரியும். இரண்டாம் முறை மூடியபோதும் தெரியும். எலும்பு முறிகிற சத்தம் புளியங்கொட்டை உடைவது போலத்தான் இருக்கிறது. மூன்றாம் முறைக்கு முன்னால் நீங்கள் சொல்லிவிட்டீர்கள். அமிர்தி போகிற சாலை, காட்டிலாகாவின் நாற்றங்காலைத் தாண்டி, பச்சை கேட். நன்றி.

“அவள ஒண்ணும் செஞ்சிடாத, சி.கே.” என்று திரும்பத் திரும்பச் சொல்கிறீர்கள். அந்தப் பேச்சு எனக்குப் பிடிக்கவில்லை. பிள்ளைகளிடம் பட்டதைத் திரும்பச் சொல்ல வைப்பதும் ஒரு கொடுமை என்று பயிற்சியில் நீங்கள்தான் சொன்னீர்கள். கறுப்புக் கோட்டு ஆட்களுக்கு நடுவில் அந்தப் பிள்ளையை நிற்க வைத்து, புளி, விரல், முகம் என்று ஒவ்வொன்றாகச் சொல்ல வைக்கப் போகிறீர்கள். நான் அதை விடமாட்டேன். அவள் ஒரு தடவைகூடச் சொல்ல வேண்டியிருக்காது.

பையையே பார்க்கிறீர்கள். கீழே இரும்புக் கடையில் காலையில் வாங்கியது. சுற்றிய காகிதத்தை இன்னும் பிரிக்கவில்லை.

உங்கள் ஃபோன் என்னிடம் இருக்கட்டும். கதவை வெளியில் பூட்டிக்கொண்டு போகிறேன். திங்கள் காலை பெருக்க வருகிறவள் திறப்பாள். கையைத் தொங்கவிடாதீர்கள், வீக்கம் ஏறும். வேலூர் போய் அமிர்தி பஸ் பிடித்தால் வெளிச்சம் இருக்கும்போதே சேர்ந்துவிடலாம்.

நீங்கள் கவலைப்படுவதுபோல எதுவும் இல்லை மேடம். என்னைப் பார்த்தால் அவள் பயப்படமாட்டாள். எங்கள் பேச்சைப் பேச அங்கே அவளுக்கு வேறு யார் இருக்கிறார்கள்.