ஆறு மைல், நாற்பத்தொன்பது நிமிஷம்

வெறுங்காலில் நடந்தது உண்மையா என்றுதான் எல்லாரும் முதலில் கேட்பார்கள். நீங்களும் அதையே கேட்டீர்கள். உண்மைதான். முதல் இரண்டு வருஷம் வெறுங்கால். அப்புறம் மெட்ராஸில் ஒருவர் கேன்வாஸ் ஷூ வாங்கிக் கொடுத்தார். போட்டுக்கொண்டு நடந்தால் வேறு யாருடைய காலோ போல இருந்தது. ஒரு மாதத்தில் பழகிவிட்டது. எதுவும் பழகிவிடும்.

பத்திரிகையில் எழுதுவதற்காக இவ்வளவு தூரம் பஸ் ஏறி வந்திருக்கிறீர்கள். நான் போட்டிகளை விட்டு இரண்டு மாதம் ஆகிறது. இனிமேல் காப்பாற்ற ஒன்றும் இல்லை. முழுக்கச் சொல்கிறேன்.

நானும் தானியேலும் ரோடு கூலிகள். மாகறலிலிருந்து உத்திரமேரூர் வரைக்கும் ஜல்லி பரப்பி, தார் ஊற்றி, குழி அடைப்பது எங்கள் வேலை. இரண்டு வீட்டுக்கும் ஒரு குழி நிலம்கூடக் கிடையாது. அவனுடைய அக்கா பாக்கியமேரியைத்தான் நான் கட்டிக்கொண்டேன். கோயில் வேறு, சர்ச் வேறு என்று கொஞ்ச நாள் பேசினார்கள். தானியேல்தான் இரண்டு பக்கமும் பேசி முடித்து வைத்தான்.

ஐம்பத்தைந்தில் செங்கற்பட்டில் ஜில்லா போட்டி நடந்தது. நடைப் போட்டி என்று கேட்டு ஜனங்கள் சிரித்தார்கள். அதில் ஒரே ஒரு சட்டம்தான் பெரிய சட்டம். ஒரு கால் எழும்பும்போது இன்னொரு கால் தரையில் இருக்க வேண்டும். இரண்டும் ஒரே நேரத்தில் தரையை விட்டால் அது ஓட்டம். வெளியே அனுப்பிவிடுவார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. அன்றைக்கு ஐந்து மைல் நடந்து ஒரு பித்தளைக் குடம் வாங்கினேன். அதற்கு அடுத்த வருஷத்திலிருந்து தொடர்ந்து நான்கு வருஷம் மெட்ராஸில் நான்தான் முதல். ஒரு தடவை கைக்கடிகாரம் கொடுத்தார்கள். இதோ, கட்டியிருப்பது அதுதான்.

தானியேல் என்னைக் கேலி செய்யத்தான் கூட நடக்க ஆரம்பித்தான். "இன்னா மாமா, வாத்து மாதிரி போற" என்று இடுப்பை ஆட்டிக்கொண்டு பக்கத்தில் வருவான். இரண்டு வருஷம் அப்படி வந்தான். அறுபதாம் வருஷம் அவன் எனக்கு முன்னால் நடந்தான். எனக்கு மூச்சு வாங்கும்போது அவன் கதை சொல்லிக்கொண்டு போவான். அவனுக்கு அது ஒரு விளையாட்டு.

அந்த வருஷம் டெல்லிப் போட்டிக்கு மெட்ராஸிலிருந்து ஒருவரை மட்டும் அனுப்புவதாக இருந்தது. போகிறவருக்கு சர்க்காரில் நிரந்தர வேலை. தேர்வுக்கு மூன்று வாரம் இருந்தது. "நீயே போ மாமா. நான் பின்னாடி வரேன்" என்று தானியேல் ஒருநாள் சொன்னான். விட்டுக்கொடுக்கிறேன் என்று அர்த்தம். அவன் நல்ல மனசோடுதான் சொன்னான். அதை மறைப்பது நியாயமில்லை.

புரட்டாசியில் ஒரு புதன்கிழமை, விடிந்து வெளிச்சம் வந்த நேரம். ரோட்டை விட்டு ஏரிக்கரை மேல் பயிற்சி செய்துகொண்டிருந்தோம். மண் தரை காலுக்கு இதம். அவன் பத்தடி முன்னால் போனான். திடீரென்று நின்று குனிந்தான்.

"மாமா, நல்லபாம்பு."

கணுக்காலுக்கு மேலே இரண்டு புள்ளி. துண்டைக் கிழித்து முழங்காலுக்குக் கீழே கட்டினேன். ஒரு பனைமரத்தடியில் சாய்த்து உட்கார வைத்தேன். அக்கம்பக்கத்தில் யாரும் இல்லை. அவன் பயப்படவில்லை.

"ஆறரை பஸ் வர நேரம். அதப் புடி மாமா. ஆஸ்பத்திரில ஊசி கீதாம். ஓடு."

"நீ அசையாம குந்திக்கினு இரு," என்றேன். கரையிலிருந்து இறங்கி ரோட்டுக்கு வந்தேன். அங்கிருந்து உத்திரமேரூர் ஆறு மைல். கடிகாரத்தைப் பார்த்தேன். நடந்தேன்.

ஏன் ஓடவில்லை என்று கேட்கிறீர்கள். ஐந்து வருஷமாக நான் ஓடியதே இல்லை. நடைக்கு முட்டி மடங்காமல் நிற்க வேண்டும். ஆறு மைல் ஓடினால் அது மடங்கிப் பழகும். அதைத் திரும்பச் சரிசெய்ய மூன்று வாரம் பிடிக்கும். எனக்கு இருந்ததே மூன்று வாரம். யோசித்துப் பாருங்கள், கணக்கு சரியாகத்தான் இருக்கும்.

முதல் மைல்கல்லுக்கு முன்னால் பால்காரர் சின்னப்பையன் சைக்கிளில் எதிரே வந்தார். "இன்னா வேதகிரி, மச்சான் வரலியா?" என்று கேட்டார். "இன்னிக்கி வரல" என்றேன். போய்விட்டார்.

இரண்டாவது கல்லில் பஸ் வந்தது. என் பக்கத்தில் வேகத்தைக் குறைத்தது. கண்டக்டர் வீராசாமிக்கு என்னை நன்றாகத் தெரியும். கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டே கேட்டார்.

"ஏறிக்கிறியா? டிக்கெட் வேணாம்."

"வேணாண்ணே. பிராக்டீஸ் கெட்டுப்பூடும்."

பஸ்ஸில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஒரு கிழவர் கை தட்டினார். பஸ் போன பிறகு புழுதி அடங்கும் வரைக்கும் மூச்சை அளந்து விட்டேன்.

பஸ்ஸில் உட்கார்ந்தால் கால் கெடாது. அது எனக்கும் தெரியும். நீங்கள் கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன்.

திருப்புலிவனம் தாண்டும்போது வெயில் முதுகில் விழுந்தது. இடுப்பு தானாகத் திரும்பியது. ஒவ்வொரு அடியிலும் குதிகால் தரையை உணர்ந்தது. அப்படி ஒரு நடை எனக்கு அதற்கு முன்னாலும் வாய்த்ததில்லை, பின்னாலும் வாய்த்ததில்லை. ஆஸ்பத்திரி வாசலில் கடிகாரம் பார்த்தேன். நாற்பத்தொன்பது நிமிஷம். முகத்தைத் துடைத்துக்கொண்டேன். அப்புறம்தான் உள்ளே போய் விஷயத்தைச் சொன்னேன்.

டாக்டர் உடனே ஜீப்பை எடுக்கச் சொன்னார். பனைமரத்தடியில் தானியேல் கண் மூடிச் சாய்ந்திருந்தான். வாயில் நுரை. டாக்டர் கையைப் பிடித்துப் பார்த்தார். உடம்பு இன்னும் சூடாக இருக்கிறது, ஒரு கால் மணி முன்னால் வந்திருந்தால் ஊசி போட்டிருக்கலாம் என்றார். என் தோளைத் தட்டி, "பாவம், உன்னால முடிஞ்சத செஞ்ச" என்றார்.

அடக்கத்துக்கு வீராசாமி வந்திருந்தார். என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். திரும்பிப் போய்விட்டார். அதற்கப்புறம் எனக்காக அவருடைய பஸ் வேகத்தைக் குறைத்ததில்லை.

அன்று சாயந்திரம் பாக்கியமேரி ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"ஓடுனியா?"

"வேகமாத்தான் போனேன்."

வெந்நீர் வைத்துக்கொண்டு வந்து என் காலைக் கழுவினாள். பாதம் வீங்கியிருந்தது. தம்பிக்காகத்தான் வீங்கியது என்று நினைத்து அழுதாள். சற்று முன்னால் உங்களுக்கு மோர் கொண்டுவந்து வைத்தது அவள்தான். இதை நீங்கள் அச்சில் போட்டால், யாராவது அவளுக்குப் படித்துச் சொல்வார்கள். போடுங்கள்.

மூன்று வாரம் கழித்துத் தேர்வில் ஜெயித்தேன். டெல்லிக்குப் போனேன். வேலையும் கிடைத்தது. இந்த ஓட்டு வீடு அதில் கட்டியது.

பஸ் பக்கத்தில் வந்தபோது ஏறியிருந்தால் அவன் பிழைத்திருப்பான். அது தெரிந்துதான் ஏறவில்லை. அவனை நான்தான் கொன்றேன். இதை ஆறு வருஷத்தில் முதல் தடவையாக வாயால் சொல்கிறேன். சொன்ன பிறகும் பெரிய வித்தியாசம் ஒன்றும் தெரியவில்லை.

ஆனால் அந்த ஆறு மைலில் நான் ஒரு அடிகூடத் தப்பாக வைக்கவில்லை. நடையின் அருமை தெரிந்தவன் அவன் ஒருவன்தான். பக்கத்தில் வந்து பார்த்திருந்தால், தானியேலே என்னை ஓடச் சொல்லியிருக்க மாட்டான்.