சுவர் இல்லாத ஜெயில்

திருத்தணியிலிருந்து கிளம்பிய பள்ளிப்பட்டு பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இருந்த ஓர் அம்மாவின் மொட்டைத் தலையில் சந்தனம் இன்னும் காயவில்லை. அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் விசாரித்தாள்.

"என்னக்கா வேண்டுதல்?"

"எம்மவனைச் சுவரே இல்லாத ஜெயிலுக்கு மாத்திட்டாங்க. அதுக்குத்தான்."

பஸ்ஸில் பாதிப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவர் குரலைத் தாழ்த்தவில்லை. மகனுக்குக் கவர்மெண்டு வேலை கிடைத்ததுபோலத்தான் சொன்னார்.

"அப்படிக்கூட ஒரு ஜெயில் இருக்குதா?"

"ஆங். கிளை ஜெயிலு ஊருக்கு ஊரு கீது. கேசு நடக்கறப்ப அங்கதான் வெச்சிருந்தாங்க. தண்டனை குடுத்ததும் சென்ட்ரல் ஜெயிலு, அது பெரிய ஊருங்கள்ல மட்டும்தான். இந்தத் திறந்தவெளி ஜெயிலு மாநிலத்துக்கே ரெண்டு மூணுதாம்மா. வருசக்கணக்கா ஒழுங்கா இருந்தவங்களைப் பார்த்துப் பொறுக்கி அனுப்புவாங்க. எம்மவன் அங்க வேர்க்கடலை பயிர் போட்டுகினு இருக்கான்."

"சுவர் இல்லன்னா ஓடிட மாட்டாங்களா?"

"எதுக்கு ஓடறான்? காலைல கழனிக்குப் போறான். பொழுது சாயறதுக்குள்ள அவனே வந்து நிக்கறான்."

அந்த அம்மா மொட்டைத் தலையை ஒருமுறை தடவிக்கொண்டார்.

"ஊட்ல இருந்தப்ப ஒரு நாளாவது வெளக்கு வெக்கறதுக்குள்ள வந்திருப்பானா?"