முகம் மேலே, கால் கீழே

கம்பி: காலை ஆட்டாதடா! ஏணியை உதைச்சது போதாதா? என் மூக்கையும் உடைக்கணுமா?

நான்: ஏணி இருக்கான்னு காலால தேடினேன்... அதுவாப் போய் விழுந்துருச்சு.

கம்பி: அதுவா விழல, நீ உதைச்ச. இப்ப பாரு, லிஃப்ட் கூரை ஓட்டையில பாதி ஆளு மேல, பாதி ஆளு கீழ. “கண்ணை மூடிக்கிட்டு ஏறுவேன்”னு சொன்ன?

நான்: மூடிக்கிட்டுத்தான் ஏறினேன்.

கம்பி: கண்ணை மூடினா வயிறு உள்ள போயிடுமா?

நான்: சிரிக்காதடா. நீ சிரிச்சா எனக்கும் சிரிப்பு வருது. சிரிச்சா இன்னும் இறுகுது...

கம்பி: பயப்படாத, கரன்ட்டை நிறுத்தியாச்சு, லிஃப்ட் ஓடாது. கதவுதான் திறந்தே கிடக்கு. வர்றவங்க தொங்குற ரெண்டு காலைப் பார்த்துட்டு, படியிலயே போயிடுறாங்க.

நான்: கதவைச் சாத்துடா பாவி! சூப்பர்வைசர் வர்ற நேரம். பார்த்தான்னா அவ்வளவுதான்.

கம்பி: புது ரூல் ஞாபகம் இருக்கா? ஓட்டையில நுழைய முடியாதவனுக்கு லிஃப்ட் வேலை கிடையாது. ஆபீஸ்ல உட்கார்ந்து போன் எடுக்கணும்.

நான்: “உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம்”னு நாள் முழுக்கச் சொல்ற பொழப்பு... அதுக்கு இங்கேயே தொங்கிடலாம்.

கம்பி: தொங்கிட்டுத்தானே இருக்க. என்னைப் பாரு... சரி, பார்க்க முடியாது, கேளு. என்னை டிரம்முன்னு கூப்பிட்டது யாரு? நீதான். இப்ப கம்பின்னு கூப்பிடுறதும் நீதான். எப்படி இளைச்சேன்? படிக்கட்டு! தினமும் மேல் மாடி வரைக்கும் ஏறுறேன்.

நான்: லிஃப்ட் ரிப்பேர் பண்றவனே லிஃப்டை நம்பலைன்னா, எவன்டா அதுல ஏறுவான்?

கம்பி: வாயைக் கட்டணும், படி ஏறணும். உனக்கு ரெண்டும்... ஏய், என்னமோ விழுந்துச்சு. உன் போன்தான். அடிக்குது. வீடியோ கால். “எடை குறைப்பு டாக்டர்”னு வருது...

நான்: எடுக்காத!

கம்பி: சரி, எடுக்கல.

நான்: எடுடா! விட்டா அடுத்த மாசம்தான் கிடைப்பாங்க.

கம்பி: ஊசி போட்டு இளைக்கிறவன் எல்லாம் ஒரு மனுஷனான்னு நேத்து கேன்டீன்ல கேட்டது யாரு?

நான்: கேட்டது வாய். மாட்டினது வயிறு. எடு!

டாக்டர்: வணக்கம் சார். எனக்கு... ரெண்டு கால் மட்டும்தான் தெரியுது.

கம்பி: முகம் மேல இருக்கு டாக்டர்.

டாக்டர்: மேலன்னா, மாடியிலயா?

கம்பி: அதுக்குத்தான் போய்க்கிட்டிருந்தாரு.

நான்: டேய், ஏன்டா மூக்கால பேசுற?

கம்பி: ஜலதோஷம்.

நான்: இவ்வளவு நேரம் நல்லாத்தானே பேசின?

கம்பி: இப்பத்தான் பிடிச்சுது.

டாக்டர்: பரவாயில்ல சார், குரல் கேட்டாப் போதும். எடை எவ்வளவு?

நான்: எண்பத்திரண்டு.

டாக்டர்: நீங்க எழுதிக் கொடுத்த உயரத்துக்கு அது போதாது சார். மருந்து எழுத முடியாது.

நான்: அது... பழைய கணக்கு. தொண்ணூறு இருக்கும்.

கம்பி: ஏலம் ஆரம்பிச்சாச்சு.

டாக்டர்: தொண்ணூறும் கொஞ்சம் இடிக்குது சார்.

நான்: நூத்தி நாலு! போதுமா? நூத்தி நாலு!

டாக்டர்: ரொம்ப நல்லது சார்.

கம்பி: இவன் எடையைக் கேட்டுச் சந்தோஷப்பட்ட முதல் ஆள் நீங்கதான்.

டாக்டர்: ஆமாவா, இல்லையான்னு மட்டும் சொல்லுங்க. கணையத்துல கோளாறு? வீட்டுல யாருக்காவது தைராய்டு புற்றுநோய்?

நான்: இல்ல. இல்ல. நான் ஒண்ணு கேட்கலாமா டாக்டர்? இந்த ஊசி எனக்கு ஒத்துக்குமா?

டாக்டர்: பலருக்கு நல்ல பலன் சார். சிலருக்குக் கொஞ்சம் அசௌகரியம்.

நான்: நான் பலரா, சிலரா?

டாக்டர்: அது ஆளைப் பொறுத்தது சார்.

நான்: ஆளைத்தான் நீங்க இன்னும் பார்க்கவே இல்லையே! செருப்பைப் பார்த்தே மருந்து எழுதுறாங்கடா...

டாக்டர்: முகமும் ஒரு தடவை காட்டிடுங்க சார். போனைக் கொஞ்சம் மேல தூக்கினா...

கம்பி: இதோ, தூக்குறேன்... ஐயையோ, கேமரா என் பக்கம் திரும்பிருச்சு—

டாக்டர்: அட, நீங்களா சார்! வாந்தி நின்னுச்சா? டோஸைக் கூட்டலாமா? ஹலோ? சத்தம் வரலையே... சரி சார், மருந்து வீட்டுக்கே வந்துரும். அடுத்தவர் காத்திருக்கார். நன்றி.

நான்: யார் வீட்டுக்குடா?

கம்பி: வச்சுட்டாங்க.

நான்: ஜலதோஷம் போயிருச்சா?

கம்பி: ...போயிருச்சு.

நான்: படிக்கட்டுன்னியே... வாயைக் கட்டினேன்னியே...

கம்பி: படி ஏறினது சத்தியமா உண்மைடா.

நான்: மேல் மாடி வரைக்கும்?

கம்பி: அங்க பாத்ரூம் காலியா இருக்கும். கீழ வாந்தி எடுத்தா, உங்க எல்லார் காதுலயும் விழும்ல...

நான்: ...எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்.

கம்பி: உங்கிட்டயா? கேன்டீன்ல உன் பேச்சைக் கேட்ட அப்புறமா? விடு. முதல்ல மூச்சை வெளியே விடு. இழுக்காத, விடு. வலது கையைப் பின்னால கொண்டு போ. அங்க ஒரு போல்ட் நீட்டிக்கிட்டு இருக்கும். சட்டை அதுலதான் மாட்டியிருக்கும். எடுத்து விடு.

நான்: ஆமாடா... இருக்கு... விட்டுருச்சு!

கம்பி: இப்ப இடுப்பைத் திருப்பு. அப்படியே... காலை நான் பிடிச்சிருக்கேன்... மெதுவா... மெதுவாடா—

நான்: வந்துட்டேன்!

கம்பி: அம்மா! நூத்தி நாலும் என் மேலயா விழணும்?

நான்: நூத்தி ஒன்பது.

கம்பி: அட நாயே... எந்திரி. ஏணியை நிமிர்த்து, சட்டையைத் தட்டு. சூப்பர்வைசர் கேட்டா, எண்ணெய் போட்டுட்டு இறங்கினோம்னு நான் சொல்லிக்கிறேன்.

நான்: இரு, இரு. கீழ நிக்கிறவனுக்கு மேல நீட்டிக்கிட்டிருக்கிற போல்ட் எப்படித் தெரியும்? அந்த டாக்டர் மாதிரி சுத்தி வளைக்காம சொல்லுடா.

கம்பி: போன வருஷம் இதே ஓட்டையில நானும் மாட்டினேன்டா. அன்னிக்கு நீ லீவு. கீழ நின்னு சிரிக்கக்கூட ஒரு ஆள் இல்ல.