இருட்டில் பார்த்த கேமரா

தக்கலையில் ஏறிய இரண்டு இளம்பெண்கள் என் முன் இருக்கையில் உட்கார்ந்தார்கள். பேருந்து நகர்வதற்குள், தாலியின் மஞ்சள் இன்னும் மாறாத பெண் சொன்னாள்:

“என் கல்யாணப் படத்துல எனக்குத்தான் மக்கா மூஞ்சியே இல்ல.”

பக்கத்தில் இருந்த தோழி செல்போனை வாங்கிப் பார்த்தாள். “ஏட்டி, நீயும் மாப்பிளையும் புகை மாதிரில்லா இருக்கிய! யாரு எடுத்தா?”

“கொழுந்தன். துபாய்லேர்ந்து கொண்டுவந்த கேமரா. இருட்டுலயும் பூனை மாதிரி பாக்குமாம்.”

“பூனைக்குக் கண்ணு தெரியலியோ?”

“கோயில்ல பிளாஷ் அடிக்கப்பிடாதுன்னு பூசை பண்ணுத போற்றி சொல்லிட்டாரு. குத்துவிளக்கு வெளிச்சம் மட்டுந்தான். தாலி கெட்டுத நேரம் லென்ஸ் முன்னயும் பின்னயும் ஓடிட்டே கிடந்து, கடைசில பளபளன்னு மின்னுன இடத்துல போய் நின்னுட்டு.”

“எங்க?”

“பின்னால நின்ன மாமியாருக்க நெக்லஸ்ல. எல்லாப் படத்துலயும் அவிய மட்டும் கண்ணாடி மாதிரி தெளிவு.”

“கொழுந்தன்ட்ட கேக்கலியா?”

“கேட்டேன். ‘போக்கஸ் அதுவாத்தான் எடுக்கும் மைனி, நான் என்ன செய்ய’ன்னான்.”

“செரி, உனக்க மாப்பிள என்ன சொன்னாவ?”

“பெருசாக்கி ஹால்ல மாட்டிட்டாவ. ‘அம்மை எவ்வளவு நல்லா விழுந்திருக்கா பாத்தியா’ன்னு தெனமும் எனக்கிட்ட கேக்காவ.”

தோழி செல்போனைத் திருப்பிக் கொடுத்தாள். மணப்பெண் அதை அணைத்துப் பைக்குள் போட்டாள்.

“யாருக்க வீடுன்னு கேமராவுக்கு அன்னைக்கே மனசிலாயிருக்கு மக்கா. எனக்கு இப்பம்தான் மனசிலாவுது.”