வீ.ஏ. துரை வர்ற வரைக்கும்

மணி மூணு. ராத்திரி மூணு என்று நினைத்து இப்பவே போர்வையை இழுக்காதீங்க… பட்டப்பகல் மூணு. ஆனால் என்ன பகல்! நோர்வூட்டிலிருந்து கரும்பாறைத் தோட்டத்துக்கு ஏறுகிற ரோட்டில் மூடுபனி இறங்கிவிட்டால், அவனவன் மூக்கை அவனவன் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும். அந்த ரோட்டில் ஒரே ஓர் ஆள் ஏறிக்கொண்டிருந்தார். தேயிலை பாக்டரியில் மெஷின், குழாய் பழுது பார்க்கிற பிட்டர் அமிர்தநாதன். அதோ, சால்வைக்குள் ரெண்டு கையையும் ஒளித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாங்களே நம்ம சிசிலி டீச்சர், அவங்க அப்பா. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து நாலாம் வருஷம். ஐப்பசி மாதம், புதன்கிழமை.

கையில் ஒரு வாசர். குழாய் மூட்டுக்கு வைக்கிற தோல் வளையம். அந்த மாதத்தில் மட்டும் ஏழாவது வாசர்.

ஏன் ஏழு? கேளுங்க. கொழுந்தைக் காயவைக்க அடுப்பு எரியணும். அடுப்புக்கு விறகு வேணும். வெள்ளைக்காரன் மலையில் இருந்த காட்டையெல்லாம் மொட்டையடித்துத் தேயிலை போட்டுவிட்டு, "விறகு எங்கே?" என்று கேட்டான். எங்கிருந்து வரும்? அப்போதுதான் தோட்டத்துப் பெரிய துரைக்குக் கீழே இருந்த வெள்ளைக்காரச் சின்னத்துரை ஒரு யோசனை சொன்னான். மீசை முளைக்காத பயல். இத்தாலி தேசத்தில் பூமிக்குள்ளிருந்து வருகிற ஆவியில் லைட்டே எரிகிறதாம், நாமும் துளை போட்டுப் பார்ப்போம் என்றான். அவனும் அமிர்தநாதனும் பதினொரு மாதம் துளைத்தார்கள். இன்னும் ஒரு முழம் போயிருந்தால் மறுபக்கம் அமெரிக்காக்காரன் "யாருடா அது?" என்று எட்டிப் பார்த்திருப்பான்.

ஒரு நாள் காலையில்… புஸ்ஸ்ஸ்ஸ்! ஆவி. துளைக்கு மேலே போட்டிருந்த கொட்டகைத் தகரம் பிய்த்துக்கொண்டு பறந்து பொகவந்தலாவையில் போய் விழுந்தது.

"பொகவந்தலாவை இல்லண்ணே. பக்கத்து லயம்" என்றார் டீச்சர்.

சரி, பக்கத்து லயம்தான், தொழிலாளிங்க குடியிருக்கிற வரிசை வீடு. குழாயை இழுத்து, கொழுந்துக்குச் சூடுகாற்று ஊதுகிற காற்றுப்பெட்டியில் விட்டார்கள். புகை இல்லை, சாம்பல் இல்லை. அடுப்புக்கார அழகையாவுக்கு இருபது வருஷத்து இருமல் ஒரே வாரத்தில் நின்றது. சின்னத்துரை ஒரு சக்கரத்தை மாட்டி ஒரு பல்பைக்கூட எரிய விட்டான்.

அப்புறம் ஆரம்பித்தது சனியன். யாரும் பார்க்காதபோது குழாய் கொதிக்கும். பார்க்க ஆள் வந்தால் குளிர்ந்துவிடும். பெரிய துரை வந்து கையை வைத்தார்… செத்த மீன் மாதிரி. அவர் குதிரை அந்தப் பக்கம் திரும்பியதும் மறுபடி கொதி! மறுநாள் டீமேக்கர் சண்முகராஜா வந்தார். மறுபடி மீன்.

"என்ன அமிர்தநாதன், பூமாதேவிக்குக் குளிர் காய்ச்சலா?" என்றார்.

சல்லடை அறை அம்மாக்கண்ணு வாசலில் நின்றே கத்தினாள்: "அண்ணே, உங்க குழாயில ஒரு போத்தல் தண்ணி பிடிச்சுத் தாங்க. சில்லுனு குடிக்கலாம்!"

மனுஷன் வாசரை மாற்றினார். மூட்டை மாற்றினார். மாதாவுக்கு மெழுகுதிரி வைத்தார். இறக்கிய சம்மட்டியைத் தன் கால்மேலேயே போட்டுக்கொண்டார். ஒன்றும் நடக்கவில்லை.

போன ஞாயிறுதான் பெரிய துரை சொல்லியிருந்தார். வியாழக்கிழமை வீ.ஏ. துரை வருகிறார். கொழும்புக் கம்பெனிக்காகத் தோட்டம் தோட்டமாகப் பார்த்து ரிப்போர்ட் எழுதுகிற பெரிய தலை. அன்றைக்குக் குழாய் சுட்டால் பாக்டரி இருக்கும். சுடாவிட்டால் கதவை மூடிக் கொழுந்தை அடுத்த தோட்டத்துக்கு அனுப்பிவிடுவார்கள். பாக்டரி ஆட்கள் முப்பது பேருக்கும் பத்துச்சீட்டு. வேலை போகும், குடியிருக்கிற லயத்துக் காம்பரா போகும், மூட்டையைக் கட்டிக்கொண்டு இந்தியாவுக்குக் கப்பல் ஏற வேண்டியதுதான்.

அந்தக் கடுப்போடுதான் அமிர்தநாதன் பனியில் ஏறிக்கொண்டிருந்தார்.

பின்னால்… சத்… சத்… சத்…

வெறுங்கால் சத்தம். ஒரு ஆள் இல்லை, ஒரு கூட்டம். நின்றார். சத்தமும் நின்றது. யாரோ அடக்கி அடக்கி இருமினார்கள். ஒரு வாசனை… நனைந்த சாக்கை நெருப்புக்கிட்டக் காயவைத்தால் வருமே, அது. "யாருங்க?" என்றார். அவரை உரசாமல், அவருக்கு ரெண்டு பக்கமும், அந்தக் கால்கள் முந்திக்கொண்டு போயின. சத்… சத்… பாக்டரிப் பக்கம்.

கொட்டகை வாசலில் அழகையா குந்தியிருந்தார். உள்ளே போகவில்லை.

"தம்பி, வாசர்ல இல்ல கோளாறு" என்றார். "இந்தக் கொட்டகை இருக்கிற இடம் எதுன்னு தெரியுமா? மலைக்காட்டை வெட்டின காலத்துல, இந்தியாவுலருந்து வந்து மன்னார்ல இறங்கி நடந்தே வந்த சனங்க. கம்பளி தாறோம்னு சொல்லித்தான் கூட்டியாந்தாங்களாம். குடுத்தது ஒரு சாக்கு. பனியில வெறைச்சுச் செத்தவங்களை இங்கதான் போட்டாங்களாம்."

அமிர்தநாதன் உள்ளே போனார். ஈரச்சாக்கு வாசனை மூக்கை அடைத்தது. ஆள் இல்லை. ஆனால் சத்தம் இருந்தது… சரக்… சரக்… சரக்… குளிருக்கு உள்ளங்கையைத் தேய்க்கிற சத்தம். குழாயைச் சுற்றிலும். குழாயில் பனித்திருந்த ஈரத்தில், ஒன்றன்மேல் ஒன்றாகக் கைத்தடங்கள்.

வேறு யாராயிருந்தாலும் ஓடியிருப்பான். இவருக்குப் பயம் வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. பதினொரு மாதம், ஏழு வாசர்! கையிலிருந்ததை விட்டெறிந்து கத்தினார்:

"உங்களுக்குக் குளிருது, சரி! எங்களை நடுத்தெருவுல விடணுமா? வீ.ஏ. துரை வந்து பாக்குற வரைக்கும் இந்தக் குழாயை விட்டுத் தொலைங்க! அதுவரைக்கும் வேணும்னா என்கிட்ட எடுத்துக்கங்க!"

தேய்ப்புச் சத்தம் நின்றது.

பிறகு… முதுகில் ஒரு கை. நெஞ்சில் ஒன்று. கழுத்தில், விலாவில், உள்ளங்காலில்… ஓடைத் தண்ணீரில் ஊறின மாதிரிக் கைகள். மெதுவாகத்தான் வைத்தன. விறகடுப்பில் கை காட்டுகிற மாதிரி.

டிங்… டிங்… என்று குழாய் சூடேற ஆரம்பித்தது.

வியாழக்கிழமை விடிந்தபோது கிட்டே போக முடியவில்லை! பல்பு எரிந்த வெளிச்சத்தில் லயத்துச் சேவல்கள் ரெண்டாம் தரம் கூவின. டீமேக்கர் வாயை மூடவே இல்லை. பெரிய துரை கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு வாசலில் நின்றார். நின்றார், நின்றார்… நாலு மணிக்குத் தந்தி வந்தது. ரோட்டில் மண் சரிவாம். வீ.ஏ. துரை அட்டன் டவுன் வரைக்கும் வந்து திரும்பிவிட்டாராம். அடுத்த வாரம் பார்க்கலாமாம்.

அடுத்த வாரம் அவருக்குக் காய்ச்சல். அதற்கடுத்த மாதம் சீமைக்குப் போய்விட்டார். புதிதாக வந்தவருக்குக் கால் வீக்கம். அவருக்கு அடுத்தவர் கார் கொட்டகலையில் படுத்துவிட்டது. இப்படிப் பதினேழு வீ.ஏ. துரைமார்…

"நாலு பேர்" என்றார் டீச்சர்.

நாலு பேர். ஒருத்தனாவது வந்து பார்த்துத் தொலையக் கூடாதா? அமிர்தநாதன் கணக்கப்பிள்ளையைப் பிடித்து மனு மேல் மனு எழுதினார். ஒன்றுக்குப் பதில் வந்தது: ரிப்போர்ட்டில் அப்படி ஒரு குழாயே இல்லை, ஆகையால் வழக்கம்போல் விறகு அனுப்பியிருக்கிறோம்! பார்க்காததால் பாக்டரியை மூடவும் இல்லை. முப்பது குடும்பமும் பிழைத்துக் கிடந்தது. குழாய் பாட்டுக்குக் கொதித்தது.

அவர் பாட்டுக்குக் குளிர்ந்தார். பிளேன்டீயைக் கையில் வாங்கினால் வாய்க்குப் போவதற்குள் ஆறிவிடும். சுடுசோறு தட்டில் கட்டியாகிவிடும். பால் திரியக் கூடாதென்றால் செம்பை அவர் மடியில் வைத்துவிட்டுப் போவார்கள் லயத்துப் பெண்கள். ஒரு நாள் தாங்க முடியாமல் கொட்டகைக்குப் போய், "போதும், விடுங்க!" என்று அழுதார். வாசலிலிருந்து அழகையா சொன்னார்:

"வாக்குக் குடுத்தது நீங்கதானே தம்பி. அவங்க வாக்கை நம்பித்தானே கடல் தாண்டி வந்தாங்க. இந்தத் தடவை விடுவாங்களா?"

அஞ்சு வருஷம்.

முப்பத்தொன்பது மார்கழி. அதே மூணு மணி, அதே பனி. காம்பராவில் அமிர்தநாதன் படுத்திருந்தார். நாலு கம்பளி மேலே. பல் கிட்டித்துவிட்டது. பக்கத்தில் பதினாறு வயசுச் சிசிலி யூக்கலிப்டஸ் தைலத்தைத் தேய்த்துத் தேய்த்து அலுத்துப்போய் உட்கார்ந்திருந்தாள்.

கடைசி வளைவில்… பாம்… பாம்… கார் ஆரன்.

லயமே கேட்டது. அழகையா ரோட்டுக்கு ஓடினார்.

அமிர்தநாதன் கண்ணைத் திறந்தார். "வந்துட்டாரா?" என்றார். மகளைப் பிடித்துக்கொண்டார். அவ்வளவுதான்… உடம்பு சூடேறியது. அஞ்சு வருஷத்துச் சூடு, மொத்தமாக. கம்பளியிலிருந்து ஆவி கிளம்பியது. காம்பரா முழுக்க ஈரச்சாக்கு வாசனை. பிள்ளை அலறினாள். அவர் பிடியிலிருந்து உருவ முடியவில்லை. அந்தச் சூட்டிலேயே அவர் போய்விட்டார்.

அழகையா திரும்பி வந்தார். ரோட்டில் கார் இல்லை. ஈர மண்ணில் சில்லுத் தடமும் இல்லை. கொட்டகையில் குழாயைத் தொட்டுப் பார்த்தாராம். மீன். அதற்குப் பிறகு அது சுடவே இல்லை.

வந்தது யார்? என்னைக் கேட்காதீங்க.

நம்பிக்கை இல்லையா? டீச்சர், சால்வையை எடுங்க. கொஞ்சம் காட்டுங்க… பார்த்தீங்களா? வலது மணிக்கட்டில் அஞ்சு விரல் தழும்பு. இடது மணிக்கட்டிலும் அஞ்சு. சாகும்போது அமிர்தநாதன் மகளின் ரெண்டு கையையும் பிடித்துக்கொண்ட அடையாளம்!

டீச்சர் தழும்பு விழுந்த ரெண்டு கைகளையும் மெதுவாகச் சால்வைக்குள் இழுத்துக்கொண்டார்.

"எப்பவும் கூட்டித்தான் சொல்வீங்கண்ணே" என்றார். "அப்பா பிடிச்சது ஒரு கையைத்தான்."